சிவப்பு சிலிண்டரும் ஓலைச்சுவடியும்

நெருப்பையே சாமியாகக் கும்பிடுகிற ஊர்க்காரன் ஒருவன் தீயணைப்பானைப் பற்றி எழுதினால் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கும். எங்கள் ஊர் திருவண்ணாமலை. பஞ்சபூதத் தலங்களில் அக்னித் தலம். கார்த்திகை தீபத்தன்று 2,668 அடி உயர மலை உச்சியில், கொப்பரையில் சுமார் 3,500 கிலோ நெய் ஊற்றி விளக்கேற்றுகிற ஊர். இங்கே போய் "நெருப்பு ஜாக்கிரதை" என்று சொன்னால் யார் கேட்பார்கள்? ஆனாலும் சொல்ல வேண்டியதாகிவிட்டது. பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் கல்லூரி வரலாற்றுத் துறையில் ஒரு அறை இருக்கிறது. பலகையில் என்னவோ நீளமான பெயர், நாங்கள் கூப்பிடுவது மியூசியம் ரூம். பெரிதாக எதுவும் இல்லை. செங்கம் பக்கத்து நடுகற்களில் இருந்து எடுத்த மைப்படிகள் கொஞ்சம். ஒரு வைத்தியர் குடும்பம் கொடுத்த இரண்டு கட்டு ஓலைச்சுவடி. செப்புக் காசுகள், ஒரு பித்தளைத் தூக்கு விளக்கு, உள்ளங்கை உயரத்தில் ஒரு வெண்கல அம்மன், பழைய கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள். விலை போட்டால் ஒரு மோட்டார் பைக் வாங்கத் தேறுமோ என்னவோ. ஆனால் அந்த மைப்படிகளில் இரண்டு கற்கள் இப்போது வயலில் இல்லை. யாரோ பெயர்த்து அடித்தளத்துக்குப் போட்டுவிட்டார்கள். அந்தக் கல்லில் என்ன எழுதியிருந்தது என்பதற்கு இந்தக் காகிதம்தான் சாட்சி.

போன வருடம் அந்த அறையில் ஸ்விட்ச் பாக்ஸில் பொறி பறந்து கீழே கிடந்த பழைய பேப்பர் கட்டில் பற்றிக்கொண்டது. அலுவலக உதவியாளர் அண்ணன் ஓடிப்போய் வராந்தாவில் தொங்கிய சிவப்பு சிலிண்டரைக் கொண்டுவந்து அடித்தார். முதல் மூன்று நொடியிலேயே தீ அணைந்துவிட்டது. ஆனால் அவருக்கு எப்போது நிறுத்துவது என்று யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. சிலிண்டர் தீரும் வரை அடித்தார். கதவைத் திறந்து பார்த்தபோது அறை முழுக்க விபூதி கொட்டிய மாதிரி இருந்தது. எல்லோரும் கைதட்டினோம். தட்ட வேண்டியதுதான், அவர் செய்தது சரி. ஈரத்துணியை வைத்துத் துடைத்து, பெருக்கி, மறந்துவிட்டோம். (ஈரத்துணி! அதில் நானும் ஒருவன்.)

ஐப்பசி மழை வந்தது. விளக்கின் மேல் பச்சையும் நீலமுமாகப் பூத்தது. அம்மன் முகத்தில் அம்மை போட்ட மாதிரி புள்ளிகள். மைப்படிகளில் நான்கு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. தீயில் ஒரு பொருளும் சேதமாகவில்லை. தீயை அணைத்ததில்தான் சேதம்.

இப்போது நிர்வாகம் புதிதாக ஆறு சிலிண்டர்கள் வாங்கப் போகிறது. அதே ரகம். "தம்பி, இது எல்லாத்துக்கும் ஆவும். ஏ, பி, சி மூணுக்கும் ஒரே சிலிண்டர்" என்றார் விற்பனைக்கு வந்தவர். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த அறைக்கு மட்டும் அது ஆகாது என்பதுதான் என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

ஏபிசி பவுடர் என்று நாம் சொல்வதில் முக்கியச் சரக்கு மோனோ அமோனியம் பாஸ்பேட். வயலுக்குப் போடும் உரக்காரர்களுக்கும் தெரிந்த பெயர்தான். சூடு பட்டால் உருகி, எரிகிற பொருளின் மேல் கண்ணாடி மாதிரி ஒரு படலம் போட்டுக் காற்றை மறிக்கும். அதனால்தான் மரம், காகிதம், துணி எல்லாவற்றிலும் அது நன்றாக வேலை செய்கிறது. பிரச்சினை அதற்கு அப்புறம். அந்தத் தூள் மாவைவிட நைஸ். ஓலையின் கீறலுக்குள், துணியின் இழைக்குள், சிலையின் நகை வேலைப்பாட்டுக்குள் போய் உட்காரும். காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் பட்டால் அமிலத்தன்மை காட்டும். சூட்டில் சிதைந்த பகுதி பாஸ்பாரிக் அமிலமாகும். செம்பு கலந்த எதையும் அது அரிக்க ஆரம்பிக்கும். வெண்கலம் என்பது செம்பும் வெள்ளீயமும், பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். நம் ஊர் மழைக்காலத்தில் இந்த வேதியியல் பாடத்தைக் கண்ணெதிரே பார்க்கலாம், கட்டணம் கிடையாது. :-)

ஒருவேளை எங்காவது இப்படி ஆகிவிட்டால் ஈரத்துணி பக்கம் போகாதீர்கள். உலர்ந்த மெல்லிய பிரஷ், நைஸ் தூளைத் திரும்ப வெளியே விடாத வடிகட்டி உள்ள வாக்குவம், மூக்குக்கு மாஸ்க். அதுவும் மழை வருவதற்குள்.

சரி, பவுடர் வேண்டாம் என்றால் வேறு என்ன? உடனே எல்லோரும் சொல்வது கார்பன் டை ஆக்சைடு. எங்கள் வகுப்பிலும் இதையேதான் சொன்னார்கள். மிச்சம் எதுவும் விடாது, சுத்தமான வாயு. உண்மைதான். ஸ்விட்ச் போர்டு, கம்ப்யூட்டர், மின்சாரச் சாமான் எரிந்தால் இதைவிடச் சிறந்தது இல்லை. ஆனால் காகிதக் கட்டு, மரப்பெட்டி, துணி எரிந்தால் மேலே உள்ள சுடரை மட்டும் அணைக்கும். உள்ளே கனல் அப்படியே இருக்கும். வாயு கலைந்ததும் மறுபடி பிடித்துக்கொள்ளும். அருங்காட்சியகத்தில் எரியப் போவது பெரும்பாலும் காகிதமும் மரமும் துணியும்தானே? தவிர, குழாய் முனையில் இருந்து வருவது பூஜ்யத்துக்குக் கீழே 78 டிகிரி குளிரில் உள்ள பனித்தூள், நல்ல வேகத்தோடு. கண்ணாடித் தகட்டு நெகட்டிவ் மேலோ பழைய ஓவியத்தின் மேலோ நேராக அடித்தால் விரிசல் விடும். தளர்ந்த காகிதம் பறந்து போய் எரிகிற இடத்திலேயே விழலாம்.

இன்னொன்று, இது உயிர் சம்பந்தப்பட்டது. 4.5 கிலோ சிலிண்டர் முழுக்கத் திறந்தால் சுமார் 2.5 கன மீட்டர் வாயு வரும். நீளம், அகலம், உயரம் எல்லாம் 10 அடி உள்ள ஒரு ஸ்டோர் ரூமின் கொள்ளளவு ஏறக்குறைய 28 கன மீட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள், 9 சதவீதம் பக்கம் வருகிறது. 10 சதவீதத்தைத் தாண்டினால் மனிதன் சில நிமிடங்களில் நினைவு இழப்பான். பூட்டிய சிறிய அறையில் இரண்டு சிலிண்டரைத் திறந்துவிட்டு உள்ளேயே நிற்கக் கூடாது.

அடுத்து 'க்ளீன் ஏஜென்ட்' ரகம். பெரிய அருங்காட்சியகங்களில் ஒரு காலத்தில் ஹேலான் வைத்திருந்தார்கள். அருமையாக வேலை செய்தது, ஓசோன் படலத்தையும் அருமையாகத் தின்றது. 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பிறகு வளர்ந்த நாடுகள் 1994 தொடக்கத்தோடு உற்பத்தியை நிறுத்தின. வளரும் நாடுகளுக்கு 2010 வரை தவணை. அதற்கு மாற்றாக வந்தவைதான் எச்.எஃப்.சி. 236எஃப்.ஏ, எஃப்.எம்.200 மாதிரியான வாயுக்கள். பொருளுக்கு நல்லது, ஓசோனுக்கும் பாதகமில்லை, ஆனால் வெப்பமயமாக்கலில் கார்பன் டை ஆக்சைடைவிட ஆயிரக்கணக்கான மடங்கு மோசம். 2016 கிகாலி திருத்தத்தின் கீழ் இவற்றையும் படிப்படியாகக் குறைக்க வேண்டும், இந்தியா 2021-ல் ஒப்புதல் அளித்தது. நோவெக் 1230 என்று ஒரு திரவம் நல்ல பெயரெடுத்தது. அதைக் கொண்டுவந்த 3எம் நிறுவனம் அந்த வகை வேதிப்பொருள் தயாரிப்பில் இருந்தே 2025 முடிவுக்குள் விலகப் போவதாக 2022-ல் அறிவித்தது. அதே மூலப்பொருளை மற்றவர்கள் வேறு பெயர்களில் விற்கிறார்கள். விலையைக் கேட்டால் எங்கள் துறையின் ஆண்டு பட்ஜெட்டே முடிந்துவிடும். ஒரே ஒரு ஓவியத்துக்கோ ஒரு சர்வர் அறைக்கோ சரி.

கூரையில் குழாய் வைத்து அறை முழுக்க வாயு நிரப்பும் அமைப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் ஊர்க் கட்டிடங்களைப் பாருங்கள். ஜன்னலுக்கு மேலே வென்டிலேட்டர், கதவுக்குக் கீழே இரண்டு விரல் இடைவெளி, மின்விசிறி எப்போதும் ஓடும். வாயு பத்து நிமிடமாவது தங்கினால்தான் தீ முழுசாக அடங்கும். எங்கள் அறையில் பத்து நிமிடம் ஊதுவத்திப் புகையே தங்காது.

ஆக, கடைசியில் வந்து நின்றது தண்ணீரில்!

இதைச் சொன்னபோது எங்கள் சார் முகம் மாறியது. "ஏம்பா, ஓலைச்சுவடி மேல தண்ணி ஊத்தச் சொல்றியா?" என்றார். நியாயமான கேள்வி. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஓலையில் எழுத்து என்பது மையால் எழுதியது இல்லை. எழுத்தாணியால் கீறியது. பிறகு விளக்குக் கரியைத் தேய்த்துத் தெரிய வைக்கிறோம். தண்ணீர் பட்டால் கரி போகலாம், கீறல் போகாது. நிழலில் பக்குவமாக உலர்த்தி, மறுபடி கரி தேய்த்துப் படிக்கலாம். பூச்சி வராமல் இருக்க ஓலைக்கு எண்ணெய் தடவுகிறோமே, அது தீக்கு வெல்லம். ஓலை நனைந்தால் வேலை கூடும், எரிந்தால் சாம்பல்தான்.

காகிதத்திலும் இதே கதைதான். 1986 ஏப்ரல் 29 அன்று லாஸ் ஏஞ்சலஸ் மத்திய நூலகம் ஏழு மணி நேரத்துக்கு மேல் எரிந்தது. சுமார் 4 லட்சம் புத்தகங்கள் எரிந்து போயின. 7 லட்சம் நனைந்தும் புகை படிந்தும் போயின. எரிந்ததைப் பற்றிப் பேச எதுவும் இல்லை. நனைந்ததை அள்ளிக் குளிர்பதனக் கிடங்குகளில் உறைய வைத்து, பிறகு வெற்றிட அறைகளில் உலர்த்தினார்கள். பூஞ்சை பிடிக்க 48 மணி நேரம் போதும் என்பதால் முதலில் உறைய வைப்பது, நிதானமாக உலர்த்துவது. நமக்கும் இது முடியாத காரியம் இல்லை. திருவண்ணாமலையில் ஐஸ்கிரீம் கடை ஃப்ரீசருக்கா பஞ்சம்?

சாதாரண 9 லிட்டர் தண்ணீர் சிலிண்டரில் இரண்டு குறை உண்டு. ஒன்று, நேர்க்கோட்டில் வேகமாக அடிக்கும், பொருளைத் தள்ளிவிடும். இரண்டு, மின்சாரம் இருந்தால் ஆபத்து. இதற்காகத்தான் 'வாட்டர் மிஸ்ட்' ரகம் இருக்கிறது. உப்பு நீக்கிய தண்ணீரைப் பனிமூட்டம் போல நுண்துளியாகத் தெளிக்கும். நுண்துளி சட்டென ஆவியாகி வெப்பத்தை உறிஞ்சிவிடும், அதனால் கொஞ்சம் தண்ணீரே போதும். ஐரோப்பியத் தரத்தில் 35,000 வோல்ட் வைத்து மின்கடத்தல் சோதனை செய்கிறார்கள். அதில் தேறியதை ஒரு மீட்டர் தள்ளி நின்று 1,000 வோல்ட் வரையுள்ள சாமான் மேல் பயன்படுத்தலாம் என்பது கணக்கு. இந்தியாவிலும் இந்த ரகம் விற்பனைக்கு உண்டு. வாங்கும்போது மின்சோதனைச் சான்றைக் கேட்டு வாங்க வேண்டும். மறுபடி நிரப்பும்போது குழாய்த் தண்ணீரை ஊற்றிக் கொடுத்துவிடப் போகிறார்கள், அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் ஊர் போர் தண்ணீரில் உள்ள உப்புக்கு மின்சாரம் குஷியாகப் பாயும்.

என் யோசனை இதுதான்: மியூசியம் அறைக்குள் வாட்டர் மிஸ்ட் இரண்டு. ஸ்விட்ச் போர்டு பக்கம், கதவுக்கு அருகில், கார்பன் டை ஆக்சைடு ஒன்று. ஏபிசி பவுடர் வராந்தாவிலும் வண்டி நிறுத்தும் இடத்திலும் ஜெனரேட்டர் பக்கத்திலும் இருக்கட்டும். அங்கே அது ராஜா. கேன்டீனுக்கு இது எதுவும் ஆகாது, கொதிக்கும் எண்ணெய்க்கு வேறு ரகம் உண்டு. (எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் அடித்தால் என்ன ஆகும் என்று பஜ்ஜி போடும் அக்காவைக் கேளுங்கள்.)

"சின்ன அறைக்கு ஏனப்பா இவ்வளவு?" என்று கேட்கலாம். பெரிய இடங்களில் நடந்ததைப் பாருங்கள். 2012 ஜனவரியில் சென்னை எழிலகத்தில், 1768-ல் கட்டிய சேப்பாக்கம் அரண்மனையின் கலஸ் மகால் எரிந்தது. அரசு அலுவலகக் கோப்புகள் போயின. அணைக்கச் சென்ற தீயணைப்பு வீரர் ஒருவரும் போனார். 2016 ஏப்ரல் 26 அதிகாலை, டெல்லியில் 1978-ல் தொடங்கிய தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் முழுசாக எரிந்து போனது. கட்டிடத்தின் தீயணைப்பு ஏற்பாடு வேலை செய்யவில்லை என்று அப்போது செய்தி வந்தது. 2018 செப்டம்பர் 2 அன்று பிரேசில் தேசிய அருங்காட்சியகம். சுமார் 2 கோடி பொருட்கள் இருந்த இடம். பக்கத்து ஹைட்ரன்ட்டுகளில் தண்ணீர் இல்லை. ஏ.சி. இயந்திரத்தில் தொடங்கிய தீ என்று பிறகு விசாரணையில் சொன்னார்கள். ஏ.சி. இயந்திரம்! அந்த முதல் நிமிடத்தில் பக்கத்தில் ஒரு ஆளும் ஒரு சிலிண்டரும் இருந்திருந்தால் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

நமக்கு இன்னும் நெருக்கமானது மதுரை. 2018 பிப்ரவரி 2 இரவு மீனாட்சி அம்மன் கோயில் வீரவசந்தராயர் மண்டபத்தில் கடைகள் எரிந்தன. கல் எரியாது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். தீயின் சூட்டில் தூண்கள் வெடித்தன, கூரைக் கற்கள் விழுந்தன. கருங்கல்லில் இருக்கிற ஒவ்வொரு தாதுவும் ஒவ்வொரு அளவில் விரிவதால் கல் தனக்குள்ளேயே கிழிந்துகொள்ளும். சுட்ட கல் மேல் குளிர்ந்த நீரைப் பீய்ச்சினால் இன்னும் மோசம். அதனால் கல் மண்டபத்தில் தீ பெரிதாகும் முன்பே, கைச் சிலிண்டர் அளவிலேயே முடித்துவிட வேண்டும். பெரிதாகிவிட்டால் எந்த வழியும் நல்ல வழி இல்லை.

யாழ்ப்பாணம் நூலகத்தை ஏன் சொல்லவில்லை என்று நினைப்பீர்கள். 1981-ல் 97,000 புத்தகங்கள் போன இடம். அது கொளுத்தப்பட்டது. அதற்கு எதிராக எந்த சிலிண்டரும் உதவாது. அது வேறு பேச்சு.

எங்கள் ஊருக்கென்று இன்னொரு கணக்கு இருக்கிறது. பௌர்ணமி. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கில் ஜனம் நடக்கும் இரவில், 101-க்கு போன் செய்தால் வண்டி கிளம்பிவிடும், வந்து சேருவதுதான் கஷ்டம். கோயில், மடங்கள், ஆசிரமங்கள், பழைய வீடுகள் என்று இந்த ஊரில் எத்தனை பீரோவில் எத்தனை சுவடி, புகைப்படம், செப்புப் பாத்திரம் இருக்கிறது என்று யாரும் எண்ணியதில்லை. அத்தனைக்கும் பக்கத்தில் கற்பூரமும் எண்ணெய் விளக்கும். முதல் ஐந்து நிமிடம் நம் கையில்தான் இருக்கிறது. அதனால் அந்தக் கையில் என்ன சிலிண்டர் இருக்கிறது என்பது முக்கியம்.

ஒன்றை நேர்மையாக ஒத்துக்கொள்கிறேன். தீ எரிந்துகொண்டிருக்கும்போது பக்கத்தில் பவுடர் மட்டும்தான் இருக்கிறது என்றால், யோசிக்காமல் பவுடரை அடியுங்கள். பவுடர் படிந்த அம்மனை ஆள் வைத்துச் சுத்தம் செய்யலாம். ஆள் உள்ளே மாட்டிக்கொண்டால் சுவடியாவது சிலையாவது, வெளியே வாருங்கள். நான் பேசுவதெல்லாம் தீ பிடிக்காத ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், கொட்டேஷன் தாளைக் கையில் வைத்துக்கொண்டு எதை வாங்கலாம் என்று யோசிக்கும்போது செய்ய வேண்டியதை.

அந்தக் கொட்டேஷன்தான் இப்போது சார் மேஜையில் இருக்கிறது. வாட்டர் மிஸ்ட் விலை கூடுதல் என்பதால் நிர்வாகம் தயங்குகிறது. ஆறு பவுடருக்குப் பதிலாக நான்கு பவுடர், ஒரு மிஸ்ட், ஒரு கார்பன் டை ஆக்சைடு என்று மாற்றி எழுதிக் கொடுத்திருக்கிறேன். சார் வாங்கிப் பார்த்துவிட்டு, "அம்மன் முகத்துல இருக்கற புள்ளிய மட்டும் ஒரு போட்டோ எடுத்து இதோட சேத்து வைப்பா" என்றார். எடுத்து வைத்தேன். உதவியாளர் அண்ணன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னிக்கி எப்ப நிறுத்தணும்னு யாராவது ஒரு வார்த்த சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேன் தம்பி" என்றார். காலாவதி ஆகப்போகிற பழைய சிலிண்டர் ஒன்று வராந்தாவில் தொங்குகிறது. அடுத்த சனிக்கிழமை மைதானத்தில் அதை வைத்து, பிடித்து விட, பிடித்து விட, அவரும் நாங்களும் பழகப் போகிறோம்.